அந்தச் சீட்டில் ஒரு தேதி எழுதுங்கள்

வடசென்னை மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும்,

வணக்கம்.

என் அலமாரியில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது. 2023 நவம்பர் 24 என்று தேதி போட்டிருக்கும். விட்டமின் சொட்டு எத்தனை, இரும்புச்சத்து சொட்டு எத்தனை, 45ஆம் நாள் தடுப்பூசி என்றைக்கு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. கீழே ஓரத்தில், ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் பாதி மறைந்து மூன்று ஆங்கில எழுத்துகள்: ஆர், ஓ, பி. பக்கத்தில் தேதி இல்லை, எங்கே போக வேண்டும் என்றும் இல்லை. அந்த மூன்று எழுத்துக்காகத்தான் இந்த மடல்.

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை படிக்காமல் வைக்க மாட்டேன். அந்தச் சீட்டையும் அப்படித்தான் படித்தேன். ஆர்.ஓ.பி. என்பதை வார்டு நம்பர் மாதிரி உங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஏதோ ஒரு குறி என்று நினைத்துவிட்டேன். அது ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி, அதாவது குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் என்று பிறகுதான் தெரிந்தது.

என் மகளுக்கு 2023 நவம்பர் 5ஆம் தேதி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 31 வாரம்தான் ஆகியிருந்தது. பெரியவள் 1,620 கிராம், சின்னவள் 1,180 கிராம். இரண்டு பேரையும் பெட்டியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தீர்கள். முதல் வாரத்தில் பெரியவளுக்குக் கிருமித்தொற்று வந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். எங்கள் அம்மா காலத்தில் ஏழாம் மாசத்தில் பிறந்த குழந்தையைப் பஞ்சில் சுற்றிவைத்து சாமிக்கு வேண்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் கைகளால்தான் எனக்கு இரண்டு பேத்திகள் இருக்கிறார்கள். கீழே நான் எழுதுவதையெல்லாம் இந்த நன்றியோடு சேர்த்தே படியுங்கள்.

19ஆம் நாள் பெரியவளை அனுப்பிவிட்டீர்கள். நன்றாகப் பால் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, படுக்கை வேறு குழந்தைக்கு வேண்டும் என்றார்கள். நியாயம்தான். சின்னவளோடு மகள் அங்கேயே தங்கினாள். பெரியவளை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். மருமகன் காலையும் மாலையும் தாய்ப்பாலைச் சின்ன எவர்சில்வர் தூக்கில் ஐஸ் நடுவில் வைத்து பைக்கில் கொண்டுவந்து தருவார். பாலாடையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்து உதட்டைச் சப்புக்கொட்டுவாள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 2ஆம் தேதி, பிறந்து 27ஆம் நாள், கண் டாக்டர் ஒருவர் வார்டுக்கு வந்து சின்னவளைப் பார்த்திருக்கிறார். கேஸ் சீட்டில் இரட்டை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னொரு குழந்தை எங்கம்மா?" என்று கேட்டாராம். மகள் உடனே எனக்குப் போன் போட்டாள். "அம்மா, பெரியவளைத் தூக்கிட்டு வா, கண்ணு பார்க்கணுமாம்."

மறுநாள் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. அது இரண்டு மூன்று நாள் சங்கதி. தண்ணீர் வடிந்த பிறகும் நான் போகவில்லை. "நாப்பது நாள் முடியட்டும், பச்ச உடம்பு, இந்த ஈரத்துல எங்க தூக்கிட்டு அலையறது? இவளுக்கு என்ன, தெளிவாத்தான இருக்கா, சின்னவளைவிட நல்லா இருக்கா" என்று சொன்னேன். மகள் இரண்டு தடவை கேட்டாள். நான் இரண்டு தடவையும் இதையே சொன்னேன். எங்கள் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் நாற்பது நாளுக்கு முன்னால் வாசல் தாண்டியதில்லை.

41ஆம் நாள் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்றைக்குக் கண் டாக்டர் என்ன செய்தார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சொட்டு மருந்து. கருவிழிக்கு நடுவில் இருக்கும் பாப்பா விரிவதற்காகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விட்டார்கள். பிறகு குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். டாக்டர் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, குனிந்து பார்த்தார். ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தை வீறிட்டு அழுதாள். நிமிர்ந்தபோது டாக்டர் முகம் மாறியிருந்தது. "ரெண்டு கண்ணுலயும் பிளஸ் வந்திருக்கு. வலது கண்ணுல திரை விலக ஆரம்பிச்சிருச்சு" என்றார். பிளஸ் என்றால் நல்லது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் கம்ப்யூட்டரில் படம் காட்டி விளக்கினார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இதைப் படிக்கும் மற்ற பாட்டிகளுக்கும் தெரிய வேண்டும்.

கண்ணுக்குப் பின்புறம் விழித்திரை இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தாய் வயிற்றில் 16ஆவது வாரம் வாக்கில் கண் நரம்பின் அடியிலிருந்து கிளம்பி ஓரம் நோக்கி வளர்கின்றன. மூக்குப் பக்க ஓரத்தை அவை தொடுவது சுமார் 36ஆவது வாரத்தில். காதுப் பக்க ஓரத்தைத் தொட பத்து மாசமும் வேண்டும். 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது. வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு. வெளியே வந்ததும் அது கூடிவிடுகிறது, மூச்சுக்காக நாம் கொடுப்பதும் சேர்கிறது. குழாய்கள், போதும் போலிருக்கிறது என்று வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. சில வாரம் போனதும் அந்த வெறும் ஓரம் ரத்தம் கிடைக்காமல் தவித்து, குழாயை வளரச்சொல்லும் ஒரு புரதத்தை அளவில்லாமல் சுரக்கிறது. உடனே குழாய்கள் கண்டபடி முளைக்கின்றன. அவை வலுவில்லாதவை, கசிபவை. தழும்பாகி, சுருங்கி, விழித்திரையையே பிடித்து இழுத்துப் பெயர்த்துவிடும்.

அந்த நிலை வருவதற்கு முன்னால் கண் ஓர் எச்சரிக்கை கொடுக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதியில் நல்ல ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் நெளிந்து சுருளும், திரும்பப் போகும் குழாய்கள் வீங்கும். அதற்குத்தான் பிளஸ் என்று பேர். சின்னவளின் முதல் படத்தில் குழாய்கள் கொஞ்சம்தான் வளைந்திருந்தன. பெரியவளின் படத்தில் அவை காசிமேட்டில் சிக்கெடுக்காமல் போட்டுவைத்த வலை நூல் மாதிரி சுருண்டு கிடந்தன. அந்தப் படத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பிளஸ் தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள், அதாவது 48 முதல் 72 மணி நேரத்துக்குள், வைத்தியம் நடக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு நஷ்டம்.

வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. கண் சிவக்கவில்லை, பீளை கட்டவில்லை, தண்ணீர் வடியவில்லை. விளக்கைப் பார்த்தாள், மையிட்ட என் முகத்தைப் பார்த்தாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். "கண்ணில் பூ விழுந்திருக்கு" என்று நம் ஊரில் சொல்கிறோமே, கருவிழிக்கு நடுவே வெள்ளையாகத் தெரிவது, அது இந்த நோயின் கடைசிக் கட்டம். நம் கண்ணுக்குத் தெரியும்போது டாக்டர் கைக்கு எட்டாமல் போயிருக்கும்.

எடை கூடின குழந்தைக்கு இது வராது என்று உங்களிலும் சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் 1,500 கிராமுக்கு உள்ளே அல்லது 30 வாரத்துக்கு உள்ளே பிறந்தவர்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருவதால்தான் இங்கே 2,000 கிராமுக்குக் கீழ் அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த எல்லாரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. 34 முதல் 36 வாரம் வரை பிறந்தவர்களிலும் ரொம்ப நோய்ப்பட்டு ஆக்சிஜனில் இருந்தவர்களைப் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் இந்த 30 நாள் எங்கே போய் விழுகிறது என்று ஒரு நிமிஷம் எங்கள் வீட்டிலிருந்து பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து 20ஆம் நாள் வாக்கில் அனுப்பிவிடுகிறீர்கள். தடுப்பூசி 45ஆம் நாள். அதை யாரும் மறப்பதில்லை, ஏரியா நர்ஸம்மா வீடு தேடி வந்து ஞாபகப்படுத்துவார். இரண்டுக்கும் நடுவே இருப்பது பாட்டிமார்களின் ராஜ்யம். தீட்டு, பச்சை உடம்பு, காத்துக் கருப்பு, நாற்பது நாள். கண் பரிசோதனைக்கு உரிய நாள் சரியாக அதற்குள் மாட்டிக்கொள்கிறது. கதவு சாத்தியிருக்கும் நாட்களில் வரும் விருந்தாளி மாதிரி. உள்ளே இருப்பவர்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால்தானே கதவைத் திறப்பார்கள்?

எனக்குச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஸ்டாம்புக்கு அடியில் மூன்று எழுத்துக்குப் பதிலாக, "டிசம்பர் 2, சனிக்கிழமை, காலை 10 மணி, கண் பரிசோதனை. தவறினால் பார்வை போகலாம்" என்று தமிழில் எழுதியிருந்தால், புயலில் தவறியிருந்தாலும் தண்ணீர் வடிந்த அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பேன். என் பங்குத் தப்பை நான் யார் தலையிலும் இறக்கி வைக்கவில்லை. அது என்னோடுதான் தூங்கி எழுகிறது. ஆனால் நாளைக்கு வேறொரு பாட்டிக்கு இது நடக்காமல் இருப்பது உங்கள் பேனாவில் இருக்கிறது.

2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்கு எதிராக ஒரு தீர்ப்பு சொன்னது. 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தையின் வழக்கு. கண் பரிசோதனை செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. இழப்பீடு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். தீர்ப்பு வந்து 8 வருஷம் கழித்து, அதே ஊரில், என் பேத்திகள் பிறந்தார்கள். நான் வழக்குப் போடவில்லை, போடவும் மாட்டேன். எனக்கு வேண்டியது பணமில்லை.

வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பில், குழந்தையின் பேருக்கு அடுத்த வரியில், கண் பரிசோதனைத் தேதியும் இடமும் தமிழில் இருக்க வேண்டும். அது நிரப்பாத சீட்டில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. தாய் சேய் நலப் புத்தகத்தில் தடுப்பூசி பக்கத்திலேயே அந்தத் தேதியையும் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று முன்னால் கிளம்பினால், அதற்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லுங்கள். வார்டில் படுத்திருக்கும் குழந்தையை டாக்டர் தேடி வந்து பார்க்கிறார். வீட்டுக்குப் போன குழந்தையைத் தேட ஆளில்லை. நல்லா இருக்கிறது என்று அனுப்பின குழந்தைதான் தவறிப்போகிறது.

சொல்லும்போது தாயிடம் மட்டும் சொல்லாதீர்கள். அறுவைக் காயமும் தூக்கமில்லாத கண்ணுமாக இருக்கும் அவளுக்கு எதுவும் மண்டையில் நிற்காது. வீட்டில் குழந்தையை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டு, அந்த அம்மாவையோ மாமியாரையோ எதிரில் உட்காரவைத்து, "நாப்பது நாள் கணக்கு இதுக்குக் கிடையாதும்மா" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். எங்கள் வழக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம், திட்டவும் வேண்டாம். தடுப்பூசிக்கும் ஒரு காலத்தில் பயந்தவர்கள்தான் நாங்கள். டாக்டரம்மா கண்ணைப் பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

பிறகு, ஒரு போன். பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒன்று, வராவிட்டால் மறுநாள் ஒன்று. எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் மணலியிலிருந்தும் கைக்குழந்தையோடு நகரத்துக்குள் வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கர்நாடகத்தில் 2008 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், பெங்களூரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்கிறார். 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் நம்முடையது. அங்கிருந்து வாரம் ஒரு நாள் ஒரு கேமரா கொருக்குப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வர முடியாதா? சின்ன நர்ஸிங் ஹோம் நடத்தும் டாக்டர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். பெட்டி வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஆக்சிஜன் இருக்கிறது. அப்படியென்றால் கண் டாக்டரும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இல்லாவிட்டால் என் பேத்திகள் இல்லை. 1940களிலும் 50களிலும் மேல்நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவு பார்க்காமல் கொடுத்து, சுமார் 10,000 குழந்தைகள் கண்ணிழந்தார்கள் என்று படித்தேன். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் டாக்டர்தான் ஆக்சிஜன் மேல் சந்தேகப்பட்டு எழுதினார். இன்று உங்களிடம் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. 90க்கும் 95க்கும் நடுவே வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் இருபது குழந்தைகளைப் பார்க்கும்போது அந்த நம்பர் 99இல் நின்றால் யார் கவனிப்பது? ஆள் போடச் சொல்லி அதிகாரிகளிடம் கேளுங்கள். நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

ஒருதரம் பார்த்து நல்லா இருக்கிறது என்றாலும் பரிசோதனை அதோடு முடிந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேரும்வரை வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வர வேண்டும். குழாயை வளரச்சொல்லும் அந்தப் புரதத்தை அடக்க ஊசி போட்ட கண்ணாக இருந்தால் மாசக் கணக்கில், ஏனென்றால் அடங்கின மாதிரி இருந்து திரும்ப வரும். சின்னவளை ஐந்து தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவையில் பிளஸ் தெரிந்தது, மறுநாளே லேசர் வைத்தார்கள். ஓரத்தைச் சுட்டு நடுவைக் காப்பாற்றுவது என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் காக்காய் எண்ணுகிறாள்.

பெரியவளுக்கு இடது கண்ணில் லேசர் பிடித்தது. வலது கண்ணில் ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இரண்டு வயது தாண்டிவிட்டது. யார் கூப்பிட்டாலும் தலையை வலப்பக்கம் நன்றாகத் திருப்பி இடது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். நான் எப்போதும் அவள் இடப்பக்கமே உட்காருகிறேன், சோறு ஊட்டும்போதும் கதை சொல்லும்போதும். மடியில் படுத்தால் மட்டும் என் வலது கையைத் தேடிப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள்.

போன் செய்ய உங்களுக்கு ஆளில்லை என்றால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒழிவு. ரிஜிஸ்டரைக் கொடுங்கள், வார்டு வாசலில் ஒரு நாற்காலி போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்கிறேன். எடுப்பது பெரும்பாலும் என்னைப் போல் ஒரு பாட்டியாகத்தான் இருக்கும். அவர்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இரட்டைப் பேத்திகளின் பாட்டி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.